நாலு வருஷச் சீருடை – 11: எண்பத்தேழாம் பக்கம்

எங்கள் வீட்டுப் பன்றிக் கொட்டிலுக்கு என் முகம்தான் கூரை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அது வாசலில் தொங்கியது. ஆறடிக்கு நாலடி ஃபிளெக்ஸ். நீலப் பின்னணி, தொப்பி வைத்த நான், கீழே கொட்டை எழுத்தில், 'எங்கள் ரோவெனா டாகுமோஸ், அரசுத் தேர்வில் தேறிய குற்றவியல் பட்டதாரி'. அதற்கும் கீழே பெற்றோர் டெல்ஃபின், நோர்மா என்று என் பெயரைவிடப் பெரிதாக. வெயிலில் என் மூக்கு வெளுத்ததும் அம்மா அதைக் கழற்றிக் கொட்டில் மேல் கட்டிவிட்டாள். மழைக்கு ஒழுகுவதில்லை. நான் படித்த படிப்பால் இந்த வீட்டில் இதுவரை பயன் அடைந்தது இரண்டு பன்றிகள்.

இதைத்தான் போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் சொன்னேன். அப்பா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். தம்பி எல்மரும் குற்றவியலே படிக்கட்டும், அதற்கு மேல்வயலை அடகு வைத்துவிடலாம் என்று அவர் அப்போதுதான் சொல்லி முடித்திருந்தார்.

கீழ்வயல் என் படிப்புக்குப் போனது. இன்னும் மீளவில்லை. வேறு யாரோ அதில் நாற்று நடுகிறார்கள், நாங்கள் வரப்பில் நின்று பார்க்கிறோம். கீழ்வயலை அடகு பிடித்த அதே பெனிடா டீச்சர்தான் மேல்வயலையும் எடுத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டிருந்தார். ஆனால் மூத்த பிள்ளையின் கையெழுத்தும் வேண்டும் என்று சொல்லிவிட்டார். மூத்த பிள்ளை நான்.

கல்லூரியில் சேரக் கடைசி நாள் இந்த வெள்ளி, மாலை ஐந்து மணி. டீச்சர் பத்திரத்தோடு மூன்று மணிக்கு வருவார். நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்று அப்பாவுக்குத் தெரியும். போட்டுவிடுவேன் என்றும் அவர் நம்பினார். அவருக்கு இரண்டும் ஒரே நேரத்தில் முடியும்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன்.

என் வேலை என்னவென்று புதிதாக வாசிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கபனட்டுவான் நகரத்தில் ஒரு பெரிய கடைத்தொகுதியின் வாசலில் நிற்கிறேன். வருகிறவர்கள் பையைத் திறந்து காட்டுவார்கள், நான் ஒரு சாண் குச்சியை உள்ளே விட்டுக் கிளறுவேன். பன்னிரண்டு மணி நேரம். இதுவரை அந்தக் குச்சியில் பட்டவை சாப்பாட்டுப் பாத்திரம், குழந்தை ஜட்டி, ஒருமுறை உயிருள்ள சண்டைச் சேவல். அப்பாவுக்கும் ஒரு குச்சி உண்டு. அவர் ஊர்க்காவலர். பிரம்பு, விசில், டார்ச், இருபத்திரண்டு வருஷம். போலீஸ்காரர்கள் ஊருக்கு வந்தால் நாற்காலி தூக்கிப் போடுவதும் அவர்தான். அந்த நாற்காலியில் தன் பிள்ளை உட்கார வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை முழுக்க.

காலையில் எல்மர் முன்வாசலில் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தான். பக்கவாட்டில் ஒட்டச் சிரைத்து, உச்சியில் விரல்கடை முடி.

"சேரவே இல்ல, அதுக்குள்ள தலையைச் சிரைச்சுட்டியா?"

"பழகிக்கணும்ல அக்கா. போலீஸ் தலை."

"பாத்துப் போ. பன்னி மிரளப் போகுது."

அம்மா சமையலறையில் ஆறு வாத்து முட்டைகளைத் துணியில் சுற்றித் தனியாக வைத்தாள். அது பாசிங் அத்தைக்கு. புட்டோ என்கிற அரிசிமாவுப் பணியாரம் அவித்து வீடு வீடாக விற்கிறவள். மார்ச் மாதம் எவனோ மோட்டார் சைக்கிளில் இடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டான், அதிலிருந்து ஊன்றுகோல்தான். வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மா அவளுக்கு முட்டை கொடுப்பாள். நான் ஒன்று கேட்டால் விலை சொல்லுவாள்.

எல்மருக்கு ஊர் அலுவலகத்தில் நன்னடத்தைச் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. கூடப் போய்ட்டு வாம்மா என்றார் அப்பா. வழியில் அவன் மனதை மாற்றிவிடலாம் என்று நினைத்துத்தான் நானும் கிளம்பினேன்.

நடந்தே போனோம். மார்ச்சிலிருந்து அவன் வண்டியைத் தொடுவதில்லை. பெட்ரோல் மிச்சம் என்கிறான்.

சொல்ல வேண்டியதைச் சுற்றி வளைக்காமல் சொன்னேன். எங்கள் வகுப்பில் சேர்ந்தது நூற்றுப் பத்துப் பேர். அரசுத் தேர்வில் தேறியது பத்தொன்பது. அதில் போலீஸ் சட்டை போட்டது ஏழு. மீதிப் பேரை ஊரில் எந்த வங்கி வாசலிலும் எந்தக் கடை வாசலிலும் பார்க்கலாம். கட்டணம் மட்டும் என்று நினைக்காதே. மூன்று வகைச் சீருடை, பூட்ஸ், துப்பாக்கிப் பயிற்சிக்குத் தோட்டாக் காசு, வராவிட்டால் மதிப்பெண் கிடையாது என்று மிரட்டிக் கூட்டிப்போகும் சுற்றுலா, கடைசியில் மணிலாவில் ஆறு மாதம் தங்கித் தேர்வுக்குத் தயாராவது. கீழ்வயலில் பாதி அந்த ஆறு மாதத்தில்தான் போனது.

"போலீஸ்ல எடுத்த எடுப்புலயே மாசம் முப்பதாயிரம் பெசோ அக்கா. உன் சம்பளம் மாதிரி ரெண்டரை மடங்கு. ரெண்டே வருஷத்துல ரெண்டு வயலையும் மீட்டுடுவேன்."

"எடுத்தா."

"எனக்கு அஞ்சடி எட்டு அங்குலம். ஓட்டத்துல ஸ்கூல்லயே முதல்."

"சரி, இதைக் கேளு. டீச்சருக்குப் படிச்சவன் போலீஸ் ஆகலாம். கணக்குப் படிச்சவன் ஆகலாம். எந்தப் பட்டம் இருந்தாலும் வேற ஒரு அரசுத் தேர்வு எழுதிட்டு உள்ள போயிடலாம். போலீஸ் கிடைக்கலேன்னா அவன் டீச்சர், அவன் கணக்கர். குற்றவியல் படிச்சவனுக்குப் போலீஸ் கிடைக்கலேன்னா அவன் யாருடா?"

அவன் என் இடுப்பைப் பார்த்தான். வேலை இல்லாத நாளிலும் நான் அந்தக் குச்சியைச் செருகிக்கொண்டு வந்திருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அலுவலகத்தில் கரண்ட் இல்லை. செயலர் ஸைடா அக்கா விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சான்றிதழ் கொடுக்கும் முன் புகார்ப் புத்தகங்களைப் புரட்டி, பையன் பெயர் எதிலும் இல்லை என்று பார்க்க வேண்டும். அச்சடிக்கப் பள்ளிக்கூடத்து ஜெனரேட்டருக்குப் போக வேண்டும். ஒரே ஆள் இரண்டையும் எப்படிச் செய்வது என்று அலுத்துக்கொண்டார்.

"நீதான் இதுக்குன்னே படிச்சவளாச்சே, நீயே புரட்டிப் பாரு வெங்," என்று, ஊரில் எல்லோரும் கூப்பிடும் என் செல்லப் பெயரைச் சொல்லி, நாலு தடிப் புத்தகங்களை என் முன்னால் போட்டுவிட்டுக் குடையோடு கிளம்பினார். எல்மர் வெளியே மாமரத்தடியில் நின்றுகொண்டான்.

புத்தகம் முழுக்க அப்பா கைதான். கொட்டை எழுத்து, பேனாவை அழுத்தி அழுத்தி. ஆடு பயிரை மேய்ந்தது. பாட்டுப் பெட்டிச் சத்தம். மாமியாரைத் திட்டியது. எல்லாவற்றையும் ஒரே மரியாதையோடு எழுதியிருந்தார்.

மூன்று வருஷத்துப் பழைய புத்தகத்தில் என் பெயர் வந்தது.

அந்தச் சண்டை எனக்கு மறந்தே போயிருந்தது. ஃபிளெக்ஸ் கட்டி ஒரு வாரம். பக்கத்து வீட்டு ஹெர்மி மத்தியானமே குடித்துவிட்டு வந்து என் படத்துக்குக் கரியால் மீசை வரைந்தான். பன்றிக் கழுநீர்ச் சட்டியை அவன் தலையில் கவிழ்த்தேன். அன்றைக்கு அப்பாவின் காவல் முறை. எங்கள் இருவரையும் அலுவலகத்துக்கு நடத்திக் கூட்டிவந்து எழுதிக்கொண்டார். சாயங்காலமே ஹெர்மி எங்கள் வீட்டில் உட்கார்ந்து பன்சிட் நூடுல்ஸ் இரண்டு தட்டு சாப்பிட்டான். அவ்வளவுதான் விஷயம்.

புத்தகத்தில் 'எதிரி: ரோவெனா டாகுமோஸ். தாக்குதல்' என்று இருந்தது. கடைசிக் கட்டத்தில், முடிவு என்ற தலைப்பின் கீழ், ஒன்றும் இல்லை. வெறுமை. அந்த வெறுமைக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சுழி, ஒரு சுருக்கொப்பம், ஒரு தேதி. போலீஸ் தேர்வுக்காக என் பின்னணியை விசாரிக்க வந்தார்களே, அந்த வாரத் தேதி.

எழுத்துத் தேர்வு, ஓட்டம், மருத்துவம், மனநலம் எல்லாம் தாண்டினவள் நான். பின்னணி விசாரணையில் போனேன். காரணம் சொல்லமாட்டார்கள். காசு கொடுக்காததால்தான், எவனுடைய மருமகளுக்கோ என் இடம் போனது என்று மூன்று வருஷமாக நான் சபிக்காத ஆள் இல்லை. ஒரே ஒரு வார்த்தை எழுதாமல் விட்ட கட்டம் அது. விட்டவர் என் அப்பா.

மேசையில் பேனா இருந்தது. 'சமாதானம்' என்று எழுதிவிடலாம். எழுதவில்லை. இப்போது எழுதி யாருக்கு?

எல்மர் வேலை பாக்கி இருந்ததால் இந்த வருஷத்துப் புத்தகத்தை எடுத்தேன். அவன் பெயர் எங்கும் இல்லை. ஆனால் எண்பத்தாறாம் பக்கத்துக்கு அடுத்தது எண்பத்தொன்பது. நடுத்தாள் தையலை ஒட்டி, ஸ்கேல் வைத்து, பிளேடால் அறுக்கப்பட்டிருந்தது. எண்பத்தாறு மார்ச் பதினாலில் முடிந்தது. எண்பத்தொன்பது மார்ச் பதினாறில் தொடங்கியது.

நாலு வருஷத்தில் எனக்குப் பிடித்த ஒரே பாடம் ஆவணச் சோதனை. மேல்தாளில் அழுத்தி எழுதினால் கீழ்தாளில் பள்ளம் விழும். மை தேவையில்லை, வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் போதும். எங்கள் ஆசிரியர் அதற்கென்று விளக்கு வைத்திருந்தார். என்னிடம் ஜன்னல் இருந்தது.

எண்பத்தொன்பதின் கீழ்ப்பாதி எழுதாமல் இருந்தது. புத்தகத்தைத் தூக்கி, கண் மட்டத்தில் படுக்கையாகப் பிடித்து, மெல்லத் திருப்பினேன். அப்பாவின் கொட்டை எழுத்து வரிவரியாக நிழல் கொண்டு எழுந்தது. பாசிங். இடது கால். மோட்டார் சைக்கிள். நிற்கவில்லை. கடைசி வரியில், என் தம்பியின் பெயர்.

படித்த படிப்பு முதல்முறையாக வேலைக்கு வந்தது.

ஸைடா அக்கா நனைந்த குடையோடு வந்தபோது நான் புத்தகங்களை அடுக்கி வைத்திருந்தேன். ஒண்ணும் இல்லையே என்று கேட்டார்.

"எல்மர் பேர் எதுலயும் இல்ல," என்றேன். மையில் பார்த்தால் அது பொய்யும் இல்லை. அவர் முத்திரை குத்தினார்.

திரும்பும் வழியில் வாய்க்கால் பாலத்தில் நின்று, மார்ச் பதினைந்தாம் தேதி எங்கே இருந்தாய் என்று கேட்டேன். அவன் முகம் சின்னப் பிள்ளை முகமாகிவிட்டது. மறைக்கக்கூட முயற்சிக்கவில்லை.

"திரும்பிப் போனேன் அக்கா. பாதி தூரம் போனேன். அதுக்குள்ள ஆள் கூடிட்டாங்க."

"அப்புறம்?"

"அப்பாதான் முதல் ஆளா அங்க நின்னாரு. என் வண்டிக் கண்ணாடி கீழ கெடந்துச்சு. அதை எடுத்துப் பைக்குள்ள போட்டுக்கிட்டாரு."

போலீஸ் ஆகிவிட்டால் நாலு பேருக்கு நல்லது செய்து இதை ஈடுகட்டிவிடலாம் என்று அப்பா சொன்னாராம். அவனும் அதை நம்பியிருந்தான். எனக்கு அவனை வாய்க்காலில் தள்ளிவிட வேண்டும் போல இருந்தது. கூடவே, மழையில் அந்தச் சிரைத்த தலையைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. அதுவும் எரிச்சலைத்தான் கிளப்பியது.

வீட்டுக்கு வந்தபோது இரண்டரை. அப்பா காவலர் சட்டை போட்டுத் தயாராக இருந்தார். நல்ல நாற்காலியை டீச்சருக்காகத் துடைத்து மேசை அருகே போட்டிருந்தது. மேசையில் பேனா. அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு அரிசி களைந்தாள்.

சான்றிதழை அவர் முன்னால் வைத்தேன். என் சண்டை முடிந்ததை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன்.

அவர் எந்தச் சண்டை என்று கேட்கவில்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"மறந்துட்டேன் வெங். சமாதானம் ஆயிடுச்சேன்னு வீட்டுக்கு வந்துட்டேன். விசாரிக்க வந்தவர் என்னையேதான் கேட்டார், இது முடிஞ்சுதான்னு. முடிஞ்சுதுன்னேன். எங்க எழுதியிருக்குன்னார்."

"அப்பவே எழுத வேண்டியதுதானே?"

"புத்தகத்துல பின்னாடி சேத்து எழுதக் கூடாது. விதி அது."

மூன்று வருஷம் இந்த மனிதர் என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். நான் ஊரையெல்லாம் திட்டும்போது தலையாட்டியிருக்கிறார்.

"எனக்கு ஒரு வார்த்தை எழுத விதி தடுத்துச்சு. அவனுக்கு ஒரு தாளையே அறுக்க எந்த விதி விட்டுச்சு?"

எல்மர் கதவருகே நின்றான். அப்பா அவனைப் பார்க்கவில்லை. அவருடைய வலது கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் தடிப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தது, இருபத்திரண்டு வருஷம் பேனா அழுத்திய தடிப்பு.

"அன்னைக்கும் எழுதினேன். பழக்கம். எழுதி முடிச்சப்புறம்தான் என்ன எழுதினேன்னே எனக்கு ஒறைச்சுது." சான்றிதழை ஓரமாகத் தள்ளி வைத்தார். "ஒரு தடவை ஒழுங்கா இருந்து பாத்தேன்மா. என் பொண்ணைக் கொண்டுபோய்க் கடை வாசல்ல நிறுத்தினேன். தினம் நீ அந்தக் குச்சியைச் செருகிட்டுப் போறதைப் பாக்கறேன். ரெண்டாவது பிள்ளைக்கும் அதையே செய்யச் சொல்றியா?"



தாள் எங்கே என்று மட்டும் கேட்டேன். அடுப்பில் போட்டாயிற்று என்றார். மறுநாள் காலையிலேயே அம்மாவிடம் கொடுத்துவிட்டாராம்.

அரிசி களையும் சத்தம் நின்றது.

"நான் போடல," என்றாள் அம்மா.

திரும்பவில்லை. சுவரைப் பார்த்தே சொன்னாள். அடுப்பு வரை கொண்டுபோனாளாம். அங்கே நின்றபோது வெளியே பாசிங்கின் பேத்தி, ஆஸ்பத்திரிச் செலவுக்கு வீடு வீடாகக் கை நீட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். அம்மாவால் முடியவில்லை. அந்த வாரமே முட்டையோடு சேர்த்துத் தாளை மடித்துப் பாசிங் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

"என்னன்னு சொன்னே?" என்றார் அப்பா.

"ஒண்ணும் சொல்லல. இது உன்னுது, வெச்சுக்கன்னேன். அவளுக்கு எழுத்து வராது. அவளும் கேக்கல."

நாலு மாதம். எல்மரின் நாலு வருஷப் படிப்பு, மேல்வயல், முப்பதாயிரம் சம்பளம் எல்லாம் ஒரு கிழவியின் ரவிக்கைக்குள் மடித்துக் கிடந்திருக்கிறது, வெள்ளிக்கு வெள்ளி எங்கள் வாசலுக்கு வந்து முட்டை வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறது.

வெளியே டீச்சர் வந்த டிரைசைக்கிள் ஆட்டோவின் ஹாரன் கேட்டது. அதற்கு முன்னாலேயே இன்னொரு சத்தம் முற்றத்துச் சிமெண்டில் வந்துகொண்டிருந்தது. டொக். இழுப்பு. டொக்.

அம்மா முட்டை மூட்டையை எடுத்தாள். நான் மேசையருகே இருந்த நல்ல நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் போட்டேன். பாசிங் அத்தை புட்டோக் கூடையை இறக்கிவிட்டு அதில் உட்கார்ந்து, ஊன்றுகோலை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது.

"முட்டை இருக்கட்டும் நோர்மா," என்றாள்.

பெனிடா டீச்சர் குடையை மடக்கிக்கொண்டே படி ஏறினார், கக்கத்தில் பத்திர உறை. அப்பா எழுந்து நின்றார். எல்மர் கதவை விட்டு நகரவில்லை. பாசிங் யாரையும் பார்க்காமல் ரவிக்கைக்குள் கைவிட்டு, வியர்வையில் மெத்தென்றாகிப்போன ஒரு காகிதத்தை எடுத்தாள். பச்சைக் கோடு போட்ட தாள். ஓரத்தில் ஸ்கேல் வைத்து அறுத்த நேர்கோடு.

"தம்பி காலேஜுக்குப் போறானாமே, சந்தோஷம். அவன் போறதுக்கு முன்னாடி இதைக் கேட்டுடலாம்னு வந்தேன். யார்கிட்டயும் காட்ட மனசு வரல. நீ படிச்ச பொண்ணு." என்னிடம் நீட்டினாள். "என்ன எழுதியிருக்கு, சத்தமா வாசி."

அப்பா என் பெயரைச் சொன்னார். ஒரே முறை, மெதுவாக.

நான் மடிப்பைப் பிரித்தேன்.